பக்கவாதத்துக்குப் பிறகு வரும் நிமோனியா: எதிர்ப்பு சக்தி ஏன் இறங்குகிறது, முதல் வாரத்தில் கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த இரண்டாம் நாள் மாலை. வார்டுக்குப் பார்க்க வந்த அத்தை, "வாயெல்லாம் வறண்டு கிடக்கே, ஒரு மடக்கு காபியாவது குடுடா" என்றார். நானும் ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஆற்றி, டம்ளரை அப்பாவின் உதட்டில் வைத்தேன். குடித்தார். இருமவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசிய இரண்டு வார்த்தையும் தொண்டையில் தண்ணீர் தேங்கி நிற்பது போலக் கொழகொழவென்று வந்தன. அது என்ன அறிகுறி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கட்டிலில் ஓர் அட்டையும் தொங்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்த ஒரு டம்ளர் காபிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கே தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கும். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது நடக்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நிமோனியா வருவதில்லையே, ஸ்ட்ரோக் வந்தவருக்கு மட்டும் ஏன் வருகிறது? இதற்குப் பதில் தெரிந்தால், கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் ஏன் செய்கிறோம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில், உடம்புக்குள் நடப்பது

நமக்குச் சாப்பிடும்போது புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவார்கள். நாம் இருமித் தள்ளிவிடுவோம், அதோடு சரி. ஸ்ட்ரோக் வந்தவருக்கு இரண்டு காவல் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. ஒன்று விழுங்குவதும் இருமுவதும். அது நம் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று ரத்தத்துக்குள் இருக்கும் காவல். அது போவது வெளியே தெரிவதில்லை.

மூளையில் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றவுடன் உடம்பு பெரிய ஆபத்து நேர்ந்தது போல நடந்துகொள்கிறது. நரம்புகள் வழியாக நோராட்ரினலினும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசோலும் அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. இவை இரண்டும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கக்கூடியவை. சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் சரிகின்றன. மிஞ்சியிருக்கும் அணுக்களும் கிருமியைக் கண்டு மற்ற அணுக்களுக்குச் சேதி சொல்லும் வேலையில் மந்தமாகிவிடுகின்றன. ஸ்ட்ரோக் எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆழமாக இந்தச் சரிவும் இருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியது பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு. எலிகளுக்கு மூளை ரத்தக் குழாயை ஒரு மணி நேரம் அடைத்தார்கள். யாரும் கிருமியைச் செலுத்தாமலே மூன்று நாளுக்குள் அவற்றின் நுரையீரலிலும் ரத்தத்திலும் கிருமி வந்துவிட்டது. நோராட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுத்தபோது எலிகள் தப்பின. அதே குழுவினர் 2006இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஸ்ட்ரோக் வந்த எலியின் மூக்கில் வெறும் 200 நிமோகாக்கஸ் கிருமிகளை விட்டாலே கடுமையான நிமோனியா வந்தது. ஸ்ட்ரோக் இல்லாத எலிக்கு அதே அளவு நோய் வர 2 லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மனிதருக்கு இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு மடக்கு காபியை நான் இந்த எண்களை வைத்துத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

உடம்பு ஏன் இப்படித் தன் காவலைத் தானே இறக்க வேண்டும்? மூளையின் சில புரதங்கள் சாதாரணமாக எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் மறைவாக இருப்பவை. ஸ்ட்ரோக்கில் அந்த மறைவு உடைகிறது. அப்போது எதிர்ப்பு அணுக்கள் முழு வேகத்தில் இருந்தால், மூளையையே அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்த அடக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூளையைக் காப்பாற்றப் போய் நுரையீரலைத் திறந்துவிட்டுவிடுகிறது உடம்பு. எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து ஏற்றிவிடலாமே என்ற கேள்விக்கு இன்னும் எளிதான விடை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பூண்டுப் பால், சத்து மாவு, வைட்டமின் மாத்திரை எதுவும் இந்தச் சரிவை நிமிர்த்தாது. பாசத்தோடு வாங்கி வருவார்கள், வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. முதல் 7 நாளுக்குள் வருவதைத்தான் ஸ்ட்ரோக்கோடு சேர்ந்த நிமோனியா என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். ஆகவே கீழே உள்ளதில் பெரும்பகுதி அந்த ஏழு நாளுக்கானது.

படி 1: வேகம்

முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மூளையில் சேதம் குறைந்தால் எதிர்ப்பு சக்தியின் சரிவும் குறையும். நுரையீரலைக் காக்கும் முதல் வேலையும் இந்த வேகம்தான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தண்ணீர், சோடா, சர்க்கரைக் கரைசல், ஆஸ்பிரின் மாத்திரை, எதுவுமே வேண்டாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

படி 2: "விழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா?"

வார்டில் சேர்த்தவுடன் இந்தக் கேள்வியை நர்ஸிடமோ டியூட்டி டாக்டரிடமோ கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பாதிப் பேருக்காவது ஆரம்பத்தில் விழுங்குவதில் கோளாறு இருக்கும். அப்படி இருப்பவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது பரிசோதனையில் உறுதியானால் பதினோரு மடங்கு.

சோதனை எளிதானதுதான். முதலில் ஆள் விழித்திருக்கிறாரா, தானாக இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு நிமிர்த்தி உட்கார வைத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்து இருமல், குரல் மாற்றம், உதட்டோரம் ஒழுகுதல் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது இது. வீட்டார் சொந்தமாகப் பரீட்சை பார்க்க வேண்டாம், ஏனென்றால் பலருக்கு உணவு தப்பிப் போனாலும் இருமல் வராது. அப்பாவுக்கு நடந்தது அதுதான். இருமவில்லை என்பதை வைத்துச் சரியாக விழுங்கிவிட்டார் என்று நான் முடிவு செய்தேன்.

இந்தச் சோதனையின் மதிப்பை ஆஸ்திரேலியாவில் 19 ஸ்ட்ரோக் வார்டுகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நர்ஸ்கள் மூன்றே விஷயத்தை ஒழுங்காகக் கவனித்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் வழக்கமான கவனிப்பு நடந்த வார்டுகளில் 58 சதவீதம். இப்படி ஒழுங்காகக் கவனித்த வார்டுகளில் 42 சதவீதம். புது மருந்து எதுவும் கிடையாது. தெர்மாமீட்டர், சர்க்கரை மீட்டர், ஒரு ஸ்பூன் தண்ணீர்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் கணக்கும் வைத்திருக்கிறார்கள். 75 வயதைத் தாண்டியவர், ஆண், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர், விழுங்க முடியாதவர், ஸ்ட்ரோக் கடுமையாக இருப்பவர். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கூட இருப்பவர் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

படி 3: வாய்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாயால் சாப்பிடாதவருக்கு எதற்கு வாய் கழுவ வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். சாப்பிடாத வாயில் எச்சில் ஊறுவது குறைகிறது, நாக்கின் மேல் பழுப்பாக ஒரு படலம் காய்ந்து ஒட்டுகிறது, அண்ணத்தில் சளி பட்டையாகப் பிடிக்கிறது. அது முழுக்கக் கிருமி. அந்த எச்சில்தான் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்கு இறங்குகிறது. கிருமி இறங்குவதை முழுதாகத் தடுக்க முடியாது. இறங்கும் அளவைக் குறைக்கலாம். எதிர்ப்பு சக்தி படுத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் அளவுதான் எல்லாம்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் 19 சதவீதம். 1999இல் வெளியான ஆய்வு அது. அதில் இருந்தவர்கள் ஸ்ட்ரோக் நோயாளிகள் மட்டும் அல்ல, ஆனாலும் எனக்கு இதைவிட வலுவான காரணம் தேவைப்படவில்லை.

நாங்கள் செய்த முறை இது. கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைப்போம். பல்செட் இருந்தால் முதலில் கழற்ற வேண்டும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, பட்டாணி அளவுகூட இல்லாமல் பேஸ்ட்டைத் தொட்டுக்கொள்வோம். நுரை அதிகம் வந்தால் அதுவே புரை ஏறும். பல், ஈறு, நாக்கு, பிறகு வாதம் வந்த பக்கத்துக் கன்னத்தின் உள்புறம். அந்தக் கன்னப் பையில்தான் சோறும் மாத்திரையும் அவருக்கே தெரியாமல் ஒதுங்கியிருக்கும், உணர்ச்சி இருக்காது. ஒருமுறை அப்பாவின் கன்னத்திலிருந்து காலையில் கொடுத்த மாத்திரையை மாலையில் எடுத்தேன், பாதி கரைந்திருந்தது. கடைசியாகச் சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைத்தெடுத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின். வாய் கொப்பளிக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆள் கடித்துவிடும் நிலையில் இருந்தால் விரலை உள்ளே விடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். காலை, ராத்திரி, அப்புறம் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும். டியூபில் உணவு போகிறவருக்கும் இதே கணக்குதான்.

படி 4: ஊட்டுவது

வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இது.

ஆள் முழுசாக விழித்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவரை எழுப்பி "ரெண்டு வாய்" என்று ஊட்டுவது நம் மன நிம்மதிக்குத்தான் உதவும். நேராக, முடிந்தால் நாற்காலியில், இல்லாவிட்டால் தலையணை அணைத்துக் கட்டிலில் 90 டிகிரிக்கு நெருக்கமாக உட்கார வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். அதனால் நீங்களும் அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். தாடை கொஞ்சம் கீழே தாழ்ந்திருப்பது பலருக்கு உதவும்.

டீஸ்பூனில் பாதி. நல்லபடியாக இருக்கும் பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய். இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேளுங்கள். குரல் ஈரமாக, கொழகொழவென்று வந்தால் நிறுத்திவிட்டு இருமச் சொல்லுங்கள். திரும்பவும் அப்படியே வந்தால் அந்த வேளை அதோடு போதும், நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்தான் இருப்பதிலேயே கடினமான உணவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது தொண்டையில் வேகமாக ஓடும், வாதம் வந்த தசைக்கு அதைப் பிடிக்க நேரம் போதாது. நீரும் திடமும் கலந்தது இன்னும் மோசம். ரசம் சாதத்தில் ரசம் ஒரு வேகத்தில் ஓடும், சோற்றுப் பருக்கை ஒரு வேகத்தில் வரும். நோயாளிக்கு ரசம் சாதம்தான் என்ற நம் வழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பதமாக மசித்த பருப்பு சாதம், கெட்டியான ராகிக் கூழ், கெட்டித் தயிரில் கடைந்த சாதம், மசித்த வாழைப்பழம் போன்றவை நன்றாகப் போகும். தண்ணீரையும் காபியையும் கெட்டியாக்க மருந்துக் கடையில் பொடி கிடைக்கிறது, எந்தப் பதம் என்பதை விழுங்குதல் பயிற்சியாளர் சொல்ல வேண்டும். கெட்டியாக்கிய தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, அதனால் உடம்பில் நீர் வற்றும். எவ்வளவு உள்ளே போனது, சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கணக்கு வையுங்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு கன்னப் பையைப் பார்த்து, வாயைத் துடைத்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள்.

படி 5: மூக்கு டியூப்

மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நானும் நம்பினேன். டியூப் உணவுக்கு வழி, நுரையீரலுக்குப் பூட்டு அல்ல. எச்சில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், வயிற்றில் உள்ளதும் மேலே எதுக்களிக்கும். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் டியூபில் போட்ட குறி மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். தலை 30 முதல் 45 டிகிரி உயரட்டும், ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விடுங்கள். டைப்பர் மாற்றுவது, புரட்டுவது எல்லாம் உணவுக்கு முன்பே.

படி 6: அசைவு

மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி அங்கே தேங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள். அனுமதி கிடைத்தவுடன் நாற்காலியில் உட்கார வையுங்கள். ஆனால் அவசரமும் கூடாது. முதல் 24 மணி நேரத்திலேயே தீவிரமாக எழுப்பி நடக்க வைத்தால் நல்லது அல்ல, பலன் குறைகிறது என்று 2015இல் 2,104 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. பிசியோ சொல்லும் அளவே அளவு.

தலையை உயர்த்திப் படுக்க வைத்தாலே நிமோனியா வராது என்பதும் சரியில்லை. 11,093 பேரை இரண்டாகப் பிரித்து, முதல் நாள் முழுக்கச் சிலரைத் தட்டையாகவும் சிலரைத் தலை உயர்த்தியும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. நிமோனியாவில் வித்தியாசம் இல்லை. ஊட்டும்போதும் அதற்குப் பின்னும் உயர்த்துவதுதான் முக்கியம்.

படி 7: ஒரு நோட்டுப் புத்தகம்

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்: காய்ச்சல், ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, ஆள் எப்படி இருக்கிறார். மூச்சை எண்ணுவதற்குப் பேசாமல் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 24ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94க்குக் கீழே போனாலோ, காய்ச்சல் 99.5ஐ எட்டினாலோ உடனே சொல்லுங்கள்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். எதிர்ப்பு சக்தி படுத்திருக்கும்போது காய்ச்சலை எழுப்பக்கூட உடம்பில் தெம்பு இருப்பதில்லை. நேற்றுவரை கையைப் பிடித்தவர் இன்று தூங்கிக்கொண்டே இருக்கிறார், பெயரை மாற்றிச் சொல்கிறார், ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார் என்றால் "அசதியா இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். கூடவே இருக்கும் உங்களுக்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும்.

முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போடலாமா?

எல்லோரும் கேட்பார்கள், நானும் டாக்டரிடம் கெஞ்சியிருக்கிறேன். நெதர்லாந்தில் 2,550 பேருக்கும், பிரிட்டனில் விழுங்க முடியாத 1,224 பேருக்கும் இதைச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். நெதர்லாந்தில் சிறுநீர்த் தொற்று குறைந்தது, ஆனால் இரண்டு இடத்திலும் நிமோனியா குறையவில்லை. தொற்று வந்த பிறகு ஆன்டிபயாடிக்கைத் தாமதமில்லாமல், டாக்டர் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். வருவதற்கு முன்னால் தேவையில்லை.

மாத்திரைப் பட்டியலில் இரண்டைப் பற்றிக் கேளுங்கள். தூக்க மாத்திரை இருமலை மழுங்கடிக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் வகைக்கும் நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு வயிற்றுப் புண்ணைத் தடுக்கவும் அதைத் தருவார்கள். நீங்களாக நிறுத்தாமல் தேவையா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் மெல்லத் திரும்பும். வாய் சுத்தத்தையும் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விடாதீர்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசியும் வருடாந்திர ஃபுளூ தடுப்பூசியும் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வீட்டில் பீடி, சிகரெட் புகை கூடாது. சளி பிடித்த பேரப்பிள்ளை ஒரு வாரம் தள்ளியே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

டியூபை எடுப்பதற்கு முன் விழுங்கும் சோதனை மறுபடியும் நடக்க வேண்டும். அப்பாவுக்குப் பத்தொன்பதாம் நாள் நடந்தது. பயிற்சி கொடுத்த பெண், என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அப்பா காபி என்றார். பொடி கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கி, அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து, "உங்க பேரு சொல்லுங்க ஐயா" என்றார். அப்பா பேரைச் சொன்னார். குரலில் ஈரம் இல்லை. இன்னொரு அரை ஸ்பூன் கொடுத்தார்.